100 சீசீ பைக்கில் நுவரெலியா போகலாமா?

"அண்ணன், என்னிடம் இருப்பது 2016ஆம் ஆண்டு ஸ்ப்ளெண்டர். 38,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. வருகிற ஆகஸ்ட்டில் நானும் கூட்டாளியும் இதே பைக்கில் நுவரெலியா போய், கண்டி வழியாகத் திரும்ப யோசிக்கிறோம். 100 சீசீ எஞ்சின் அவ்வளவு தூரம் தாங்காது, மலையில் சூடாகி நின்றுவிடும் என்று மாமா சொல்கிறார். கூட்டாளிமார் லீசிங்கில் ஒரு 200 எடு என்கிறார்கள். தூரப் பயணத்துக்குச் சின்ன எஞ்சின் சரிவருமா?" கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு தம்பி இப்படிக் கேட்டிருக்கிறார்.

தம்பி, முதலில் லீசிங் கதையை விடுங்கள். உங்கள் ஸ்ப்ளெண்டரில் நுவரெலியா போய் வரலாம், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. எனக்குத் தயக்கம் வேறு இடத்தில். இரண்டு பேர், இரண்டு பை, ஒரே பைக் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் மாமாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மாமா சொன்னதைச் சும்மா தள்ளிவிடாதீர்கள். அவருடைய இளவயதில் வீதியில் ஓடியவற்றில் நிறைய ரூ-ஸ்ட்ரோக் பைக்குகள். பெற்றோலோடு ஒயிலும் சேர்ந்து எரிகிற எஞ்சின் அது. ஒயில் குறைந்தால், அல்லது நீண்ட நேரம் முழு வேகத்தில் விட்டால், பிஸ்ரன் சூட்டில் வீங்கிச் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும், பின்சில்லு அப்படியே இறுகி நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி நடந்தால் ஆள் தப்புவதே பெரிய காரியம். அதைக் கண்டவர்களுக்கு ஒவ்வொரு 30 கிலோமீற்றருக்கும் நிறுத்தி எஞ்சினை ஆறவிடுகிற பழக்கம் வந்தது, அது அந்தக் காலத்துக்குச் சரியான பழக்கம். உங்களிடம் இருப்பது ஃபோர்-ஸ்ட்ரோக். ஒயில் எஞ்சினுக்கு அடியில் தனியாக நின்று சுற்றிச் சுற்றி வருகிறது. தண்ணீர் இல்லை, றேடியேற்றர் இல்லை, சிலிண்டரைச் சுற்றி இருக்கிற அந்தத் தகடுகளில் காற்றுப் பட்டுத்தான் அது ஆறுகிறது. அப்படியானால் 50இல் ஒரே சீராக ஓடும்போது அதற்குச் சுகம், வாகன நெரிசலில் நின்று நின்று ஊரும்போதுதான் கஷ்டம். செங்கலடியிலிருந்து மகா ஓயா வரை ஒரே மூச்சில் ஓடுவதை விட, பெரஹரா நாளில் கண்டி நகருக்குள் அரை மணி நேரம் ஊர்வது உங்கள் எஞ்சினுக்குக் கூடுதல் கேடு. ஆகஸ்ட் என்கிறீர்கள், பெரஹரா திகதியை ஒருமுறை பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

சின்ன எஞ்சின் தூரம் போகாது என்பது எங்கள் பக்கத்து அனுபவத்துக்கே பொருந்தாது. ஹொண்டாவின் சுப்பர் கப் 1958இல் வந்தது, 2017இல் 10 கோடி எண்ணிக்கையைத் தாண்டியது. அந்தக் குடும்பத்து எம்டி 90 இன்றைக்கும் எங்கள் ஊர்களில் வயலுக்கும் சந்தைக்கும் ஓடுகிறது. பொருளாதாரத் தடை இருந்த 90களில் யாழ்ப்பாணத்துச் சனம் இந்த ஹொண்டாக்களைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். 2022இல் பெற்றோலுக்குக் கியூஆர் பங்கீடு வந்த நேரம் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். லீற்றருக்கு 55 ஓடுகிற பைக் வைத்திருந்தவர் அதில் 200 கிலோமீற்றருக்கு மேல் போனார், பெரிய பைக்காரர் வீட்டில் இருந்தார்.

சரி, அப்படியென்றால் சின்ன எஞ்சினுக்குக் குறையே இல்லையா? இருக்கிறது. அது வேறு இடத்தில் இருக்கிறது.

உங்கள் எஞ்சினின் பலம் சுமார் 8 குதிரைவலு. சமதரையில் 50, 55இல் போக அதில் பாதியே போதும். வேகம் கூடக் கூட எதிர்க்காற்றின் தடை பயங்கரமாக ஏறும்: காற்றைக் கிழிக்க 60இல் வேண்டிய பலத்தைப் போல 80இல் இரண்டு மடங்குக்கும் மேல் வேண்டும். அதனால் 55இல் நாள் முழுக்க ஓடுகிற அதே எஞ்சின் 80இல் முழு அக்சிலேற்றரில் கத்திக்கொண்டு போகும், பெற்றோலும் குடிக்கும், ஒயிலும் தின்னும். 100 சீசீயில் தூரம் போய் எஞ்சினைக் கெடுத்துக்கொண்டு வருகிற பொடியன்மாரை விசாரித்தால் பெரும்பாலும் கதை இதுதான், தூரம் கெடுக்கவில்லை, வேகம் கெடுத்தது. நீங்கள் போவது மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதம் வேறு. செங்கலடி தாண்டிக் கரடியனாறு, புல்லுமலைப் பக்கம் மேற்கே போகும்போது கச்சான் நேர் முகத்தில் அடிக்கும், பின்னேரம் ஆக ஆகக் கூடும். நாலாம் கியரில் இழுக்கவில்லை என்றால் மூன்றுக்கு வாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கியரைக் குறைக்காமல் அக்சிலேற்றரை மட்டும் முறுக்கிக்கொண்டிருப்பதுதான் எஞ்சினுக்குப் பாரம்.

அடுத்தது முந்துவது. என்னைக் கேட்டால் சின்ன பைக்கின் உண்மையான ஆபத்து இங்கேதான். 45இல் போகிற ஒரு லொறியை நீங்கள் 60இல் முந்துகிறீர்கள் என்று வையுங்கள். வித்தியாசம் 15, அதாவது ஒரு வினாடிக்கு 4 மீற்றர் சொச்சம். லொறியின் நீளம், அதற்குப் பின்னால் இருந்த இடைவெளி, முன்னால் போய்ச் சேர வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்தால் 40 மீற்றருக்குக் குறையாது. ஆக 10 வினாடி நீங்கள் எதிர்ப்பக்கத்து வழியில் நிற்கிறீர்கள். அந்த 10 வினாடியில் நீங்கள் 160 மீற்றருக்கு மேல் போயிருப்பீர்கள், எதிரே 60இல் வருகிற பஸ்ஸும் அதே அளவு வந்திருக்கும். முன்னால் 350 மீற்றர் வெறுமையாகத் தெரியாவிட்டால் முந்தவே கூடாது. 200 சீசீ வைத்திருப்பவருக்கு இதே வேலை நாலைந்து வினாடியில் முடியும். உங்கள் பைக்கில் அந்தக் கையிருப்பு இல்லை, பின்னால் ஆள் இருந்தால் இன்னும் இல்லை. ஆகவே லொறிக்குப் பின்னால் போக நேர்ந்தால் போங்கள். நுவரெலியா எங்கேயும் ஓடிவிடாது.

இப்போது ஆள் விஷயம். இந்த வகைப் பைக்குகள் சுமக்கக்கூடியது 130 கிலோ அளவில்தான். நீங்கள் 65, கூட்டாளி 70 என்றாலே அது முடிந்தது, பைகள் அதற்கு மேல். ஊருக்குள் இரண்டு பேரும் ஒரு மூடை அரிசியும் ஏற்றிக்கொண்டு போகிறோமே என்பீர்கள். சமதரையில் 10 கிலோமீற்றர் போவதும் மலையில் இருந்து 40 கிலோமீற்றர் இறங்குவதும் ஒன்றல்ல. முடிந்தால் கூட்டாளிக்கு இன்னொரு 100 சீசீ பார்த்து இரண்டு பைக்கில் போங்கள். ஒன்று நின்றால் மற்றது உதவும் என்பது அதில் கிடைக்கிற இன்னொரு நன்மை. வழியே இல்லை என்றால் பஸ்ஸில் அவர் பதுளைக்கு வரட்டும், அங்கிருந்து நுவரெலியாவுக்கும் அவர் பஸ்ஸில் போகலாம். இதைக் கேட்டு முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கொஞ்சக் காலத்துக்கு முன் இரண்டு பொடியன்மார் வெலிமடைப் பக்கம் இறங்கி வந்த ஒரு பைக்கை என் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். பின் பிரேக்கை மிதித்தால் கால் அடிவரை போகிறது, சில்லு நிற்கவில்லை என்றார்கள். சில்லைக் கழற்றி ட்ரம்மைத் திறந்தேன். பிரேக் சூ தேயவே இல்லை, புதுசு. ஆனால் அதன் மேற்பரப்பு கறுத்து, முகம் பார்க்கிற மாதிரிப் பளபளவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினேன், கண்ணாடியைச் சுரண்டின மாதிரி வழுக்கியது. ட்ரம்மின் உட்பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. இறக்கம் முழுக்க நாலாம் கியரில், சில இடத்தில் பெற்றோல் மிச்சம் பிடிக்கிறோம் என்று நியூட்ரலில், காலைப் பிரேக்கில் இருந்து எடுக்காமலே வந்திருக்கிறார்கள். ட்ரம் பிரேக் மூடின பெட்டி, சூடு வெளியே போக வழியில்லை. சூடு ஏறினால் சூ பிடிக்காது. அவர்கள் உயிரோடு வந்து என் முன்னால் நின்றது அவர்களுடைய நல்ல காலம்.

இறக்கத்துக்கு வழி எளிது. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குகிற பாதையில் பாதிக்கு மேல் இரண்டாம் கியர்தான். எஞ்சின் "ம்ம்ம்" என்று பிடித்துக்கொண்டு வரும், அந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், அக்சிலேற்றர் மூடியிருக்கும்போது அது எஞ்சினைக் கெடுக்காது. பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தி, வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். தடவிக்கொண்டே வராதீர்கள். கண்டியிலிருந்து மகியங்கனைக்கு வருகிற 18 வளைவிலும் இதேதான். சந்தேகம் வந்தால் ஓரமாக நிறுத்தி, பின்சில்லின் நடுப்பகுதிக்குக் கிட்ட கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சூடு கிட்டப் போகும்போதே தெரியும். பதினைந்து நிமிடம் இருந்துவிட்டுப் போகலாம்.

ஏற்றம் அவ்வளவு பிரச்சினை இல்லை. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். அங்கே காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும், எஞ்சினின் பலமும் அந்த அளவு குறையும், உங்கள் எட்டுக் குதிரை ஆறரை ஆகும். காபுரேற்றர் பைக் என்பதால் கொஞ்சம் மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும், காலையில் ஸ்ராட் எடுக்கவும் நேரமாகலாம். அதற்காக அங்கே யாரிடமாவது கொடுத்துக் காபுரேற்றரைத் திருக வேண்டாம். அங்கே சரிசெய்ததை வைத்துக்கொண்டு கீழே வந்தால், ஊர்க் காற்றுக்குப் பெற்றோல் குறைந்து எஞ்சின் கூடுதலாகச் சூடாகும். இரண்டு நாள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள். வெலிமடை தாண்டி ஹக்கலைப் பக்கம் ஏறும்போது முதலாம் கியர் வரை போக நேரலாம். 20இல் ஏறினாலும் ஏறிவிடும்.

மறுகா ஒயில். சின்ன பைக்கில் மொத்த ஒயிலே ஒரு லீற்றர் அளவுதான். காரில் 200 மில்லி குறைந்தால் யாருக்கும் தெரியாது, உங்களுக்கு அது ஐந்தில் ஒன்று. 38,000 ஓடின எஞ்சின் கொஞ்சம் ஒயில் குடிக்கலாம், எவ்வளவு குடிக்கிறது என்பது போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு நான் சொல்கிற வழி: புது ஒயில் விட்டு, மேல்கோடு வரை நிரப்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய வெளிக்கிட்டுப் பொத்துவில் போய் வாருங்கள். மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ 110, போய்வர 220. கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று வழி நெடுக ஊர், கடை, கராஜ் எல்லாம் இருக்கிறது, பாதை சமதரை. ஏதும் கழன்றாலும் பஸ் பிடித்து வீட்டுக்கு வரலாம். திரும்பி வந்து, அடுத்த நாள் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது, பைக்கை நேராக நிமிர்த்தி வைத்து ஒயில் குச்சியைப் பாருங்கள். மேல்கோட்டுக்குக் கிட்ட நின்றால் நுவரெலியா போகலாம். கீழ்கோட்டுக்கு வந்திருந்தால் போக வேண்டாம், முதலில் என்னவென்று பார்க்க வேண்டும்.

இந்த ஓட்டம் உங்கள் உடம்புக்கும்தான். 220 கிலோமீற்றர் இருந்து பார்த்தவருக்குத்தான் இடுப்பு எங்கே பிடிக்கிறது, சீற் எப்போது கல்லாகிறது, அதிர்வில் விரல் எப்போது விறைக்கிறது என்று தெரியும். எஞ்சினை ஆறவிடத் தேவையில்லை என்று சொன்னேன், உங்களை ஆறவிடத்தான் வேண்டும். 50, 60 கிலோமீற்றருக்கு ஒருமுறை இறங்கி, தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் நடவுங்கள். தூக்கம் வந்தால் ஒரு தேத்தண்ணீரோடு சமாளிக்கப் பார்க்காதீர்கள், நிழலில் படுங்கள்.

செயினில் ஒரு சின்னச் சாமான் இருக்கிறது, பலர் அதைப் பார்ப்பதே இல்லை. செயினைப் பூட்டுகிற இணைப்பில் மீன் வடிவத்தில் ஒரு லொக் இருக்கும். அதன் மூடின பக்கம், அதாவது மீனின் தலை, செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும். மாறிப் போட்டிருந்தால் ஓட்டத்தில் எங்காவது தட்டிக் கழன்றுவிடும், பிறகு செயின் பின்சில்லில் சுற்றும். நானே ஒருமுறை அவசரத்தில் என் சொந்தப் பைக்குக்கு மாறிப் போட்டு, புல்லுமலைக் காட்டுக்குள் நின்றேன். அன்றைக்கு மனைவியும் பின்னால் இருந்தார். நல்ல வேளை, மெதுவாகப் போனோம், செயின் கீழே விழுந்ததோடு சரி. இப்போது வெளிக்கிட முன் செயின் கவரின் இறப்பர் மூடியைக் கழற்றி, சில்லைச் சுற்றி, அந்த லொக்கைக் கண்ணால் பார்க்காமல் நான் எங்கேயும் போவதில்லை. மேலதிகமாக இரண்டு லொக் வாங்கிச் சட்டைப்பையில் வையுங்கள், மிகச் சின்னக் காசு.

முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் ஒவ்வொரு புது ரியூப், ரயர் கழற்றுகிற இரண்டு லீவர், ஒரு கைப்பம்ப், ஒரு பிளக், கிளச் கேபிள், பிரேக் கேபிள். இவ்வளவும் போதும். ரயரை ஒருமுறை வீட்டு முற்றத்திலேயே கழற்றிப் பூட்டிப் பழகுங்கள், காட்டில் முதன்முதலாகப் பழக முடியாது.

இரவில் ஓட வேண்டாம். இதற்கு யானை ஒரு காரணம், வீதியில் படுத்திருக்கிற மாடு இன்னொரு காரணம், இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. மூன்றாவது உங்கள் பைக்கிலேயே இருக்கிறது. உங்கள் மொடலில் ஹெட்லைற் பற்றரியில் எரிவதில்லை, எஞ்சின் சுற்றுகிற மின்சாரத்தில் நேராக எரிகிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் வெளிச்சம் கூடும், குறைத்தால் மங்கும். இருட்டில் முன்னால் ஏதோ தெரிகிறதே என்று நீங்கள் அக்சிலேற்றரை விட்டவுடன், எது என்று பார்க்க வேண்டிய அந்த நேரத்தில்தான் வெளிச்சம் செத்துப் போகும். காலை 6 மணிக்குச் செங்கலடியில் இருங்கள். ஏ5 வீதியில் மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று போனால் மத்தியானத்துக்குக் கொஞ்சம் பிந்திப் பதுளை. அன்றைக்கு அங்கேயே தங்குங்கள். அடுத்த நாள் காலையில் புது உடம்போடு மலை ஏறுங்கள். ஒரே நாளில் 200 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, கடைசி 50ஐ மழையிலும் பனியிலும் மலை வளைவிலும் களைத்த கையோடு ஓடுவது வேண்டாத வேலை.

கடைசியாக அந்த 200 சீசீ. பெரிய பைக் நல்லது இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். டிஸ்க் பிரேக், நல்ல வெளிச்சம், முந்துவதற்குப் பலம், எல்லாம் உண்மை. மாதம் இரண்டு தடவை கொழும்புக்கு ஓட வேண்டிய வேலை உங்களுக்கு இருந்தால் ஒரு 150 பாருங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். ஆனால் வருடத்தில் ஒரு பயணத்துக்காக மூன்று நாலு வருடம் மாதக் கட்டணம் கட்டுவதா? 2020இல் இறக்குமதி நின்றபோது பைக் விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். அதிவேகப் பாதையில் எந்த மோட்டார் சைக்கிளையும் விடமாட்டார்கள், அங்கே போகவும் பெரிய பைக் உதவாது. இன்னொன்று, உங்கள் லைசன்ஸை எடுத்துப் பாருங்கள். ஏ1 மட்டும் இருந்தால் 100 சீசீ வரைக்கும்தான். அதோடு 200ஐ ஓட்டினால், ஏதும் நடந்துவிட்டால் இன்சூரன்ஸ்காரரிடம் பேச வாயிருக்காது.

லீசிங்குக்கு முதல் தவணை என்று ஒதுக்கின காசு இருந்தால் அதில் ஒரு பகுதியை எடுத்து இரண்டு புது ரயர், இரண்டு சோடி பிரேக் சூ, செயின் ஸ்ப்ரொக்கட் செற், நல்ல ஹெல்மட் இரண்டு, மழைக்கோட்டு இரண்டு வாங்குங்கள். பிரேக் சூவை வெளிக்கிடுகிற அன்றைக்குப் போடாதீர்கள், இரண்டு கிழமைக்கு முன் போட்டு ஊருக்குள் ஓடிப் படியவிடுங்கள். வெளிக்கிடுகிற நாளில் புதுசாக எதையும் மாற்றாமல் இருப்பதே நல்லது.

பொத்துவில் போய் வந்ததும் ஒயில் எந்தக் கோட்டில் நின்றது, புகைக்குழாயில் நீலப் புகை தெரிந்ததா, காலையில் முதல் ஸ்ராட்டில் மட்டுமா அல்லது ஓடும்போதுமா என்று எழுதி அனுப்புங்கள். முதல் ஸ்ராட்டில் மட்டும் என்றால் பெரும்பாலும் வால்வ் சீல், சின்ன வேலை. ஓடும்போதும் என்றால் றிங் பார்க்க வேண்டும், அதற்கு இரண்டு நாள் பைக்கை என்னிடம் விட வேண்டிவரும், ஆகஸ்ட்டுக்கு முன் நேரம் இருக்கிறது.